செங்கல்பட்டு என்றொரு மேற்கோள்

காசநோய்த் தடுப்பூசி பற்றி எழுதப்பட்ட எந்த நாட்டு மருத்துவ நூலைப் புரட்டினாலும் ஓர் ஊர்ப்பெயர் தவறாமல் கண்ணில் படும். ஆங்கிலேயர் நாவில் சிதைந்து ‘சிங்கிள்புட்’ என்று வழங்கிய நமது செங்கல்பட்டுதான் அது. லண்டனிலும் லிமாவிலும் மருத்துவம் பயிலும் மாணவர்கள் அப்பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அவ்வூருக்கு வடக்கே, பெருவழிச்சாலையின் ஓரத்தில், மறைமலை நகரில் குடியிருக்கும் நமக்கோ அப்பெயர் மின்தொடர் வண்டியின் கடைசி நிறுத்தம், ஏரி, மாமூல் நெரிசல். அவ்வளவே. ஓர் ஊர் தன்னை அறியாமலேயே உலகெங்கும் மேற்கோளாகித் திரிவது விந்தையானது. அந்த விந்தையைப் பற்றியும், அதற்குள் பெயரின்றி ஒளிந்திருக்கும் இலட்சக்கணக்கான மனிதர்களைப் பற்றியும் எழுதவேண்டும் என்பது நமது நெடுநாள் விருப்பம்.

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவருக்கு மருத்துவ ஆய்வில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். நியாயமான வினாதான். மனிதரை வைத்து நடத்தப்படும் ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் அமர்ந்தால் போதாது. சட்டமறிந்தவர் ஒருவரும், சமூகவியல் அல்லது மெய்யியல் சார்ந்தவர் ஒருவரும், துறைசாராப் பொதுமனிதர் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்தப் பொதுமனிதர் நாற்காலியில் சில ஆண்டுகளாக நாம் அமர்ந்து வருகிறோம். நம்முன் வைக்கப்படுபவை பெரும்பாலும் ஒப்புதல் படிவங்களின் தமிழ் வடிவங்கள். அவற்றைப் படித்து, ‘இது சாதாரண மனிதருக்குப் புரியுமா’ என்று சொல்வதே நமது பணி. அந்தப் பணிதான் நம்மைச் செங்கல்பட்டின் பழைய கதைக்குள் இழுத்துச் சென்றது.

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குவோம்.

நவீனத் தமிழ்ச் சிறுகதையின் பேராளுமையான புதுமைப்பித்தன் 1948ஆம் ஆண்டு காசநோயால் மறைந்தார் என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவர். அதே 1948இல் மூன்று நிகழ்ச்சிகள் நடந்தன. சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி தயாரிக்கும் ஆய்வுக்கூடம் அமைந்தது. அந்த ஊசியை மக்களுக்குப் போடும் பணி இந்தியாவில் மதனபள்ளியில் தொடங்கியது. இங்கிலாந்தில் ‘ஸ்ட்ரெப்டோமைசின்’ காசநோய்க்கு மருந்தாகுமா என்று கண்டறிய நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான படுக்கை ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், உறையிலிட்டு மூடிய சீட்டுகளால் தீர்மானித்த முன்னோடி ஆய்வு அது. இன்றைய மருத்துவம் ‘இது பலன் தரும்’ என்று துணிந்து கூறும் ஒவ்வொரு கூற்றுக்கும் பின்னால் அந்தச் சீட்டுக் குலுக்கல் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் மருந்து பெறாத பிரிவைச் சேர்ந்த நோயாளிகளுக்குத் தாம் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே தெரிவிக்கப்படவில்லை. முறையும் பிறந்தது, அதன் நிழலும் உடன் பிறந்தது.

பி.சி.ஜி. ஊசி பிரான்சு நாட்டைச் சேர்ந்த கால்மெட், கேரன் என்ற இருவர் உருவாக்கியது. மனிதருக்கு முதலில் அளிக்கப்பட்டது 1921இல். விடுதலை பெற்ற இந்தியா அதைப் பெருந்திட்டமாக ஏற்றது. எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1955இல் இராஜாஜி அவர்கள் அதனை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். ஒரு முன்னாள் முதலமைச்சரும் தலைமை ஆளுநருமாயிருந்தவர் எழுப்பிய ஐயத்தை அரசால் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. ஐயம் வேறு திசைகளிலிருந்தும் வந்தது. இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பை முடிக்கும் பருவத்தினரிடையே 1950இல் தொடங்கிய ஆய்வு, இவ்வூசி நான்கில் மூன்று பங்குக்கும் மேலாக நோயைத் தடுக்கிறது என்றது. அதே காலத்தில் போர்ட்டோ ரிக்கோ தீவில், ஸ்பானிய மொழி பேசும் எளிய மக்களின் பிள்ளைகளிடம் அமெரிக்கப் பொதுநலத்துறை நடத்திய ஆய்வோ ஏறத்தாழ 30 விழுக்காடுதான் என்றது. ஒரே ஊசி, ஊருக்கொரு விடை. எந்த விடை நம் ஊருக்குரியது?

இந்தக் கேள்விக்கு விடை காணத்தான் 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், அமெரிக்கப் பொதுநலத்துறையும் கைகோத்தன. இன்று திருவள்ளூர் மாவட்டமாகப் பிரிந்து நிற்கும் பகுதிகளை உள்ளடக்கிய ஊர்களில் வீடுவீடாகக் கணக்கெடுத்தனர். முன்கையில் சிறு ஊசி குத்தித் தடிப்பை அளந்தனர். சிறுவர் அல்லாதோருக்கு மார்பை ஊடுகதிரில் படமெடுத்தனர். ஐயத்துக்குரியவர்களிடம் கோழை வாங்கி ஆய்ந்தனர். பின்னர் 2,81,161 பேருக்கு ஊசி போட்டனர். சிலருக்குக் கூடுதல் அளவு பி.சி.ஜி.; சிலருக்குக் குறைந்த அளவு; மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்பது ஊசி போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் அதே மக்களைத் தேடிச் சென்று படமெடுத்துப் பார்த்தனர். இப்படிப் பதினைந்து ஆண்டுகள்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பெண்கள் மணமாகி வேற்றூர் சென்றிருப்பர், ஆண்கள் நகரத்து ஆலைகளுக்குப் பிழைப்புத் தேடிப் போயிருப்பர், ஏரி வற்றியிருக்கும், நிரம்பியிருக்கும். வண்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. மக்களும் கதவைத் திறந்துகொண்டிருந்தனர். காசநோய் ஆய்வுகளின் வரலாற்றில் இதற்கு ஒப்பான பரப்பும் பொறுமையும் கொண்ட வேறொரு தடுப்பூசி ஆய்வைக் காண்பது அரிது.

முதல் அறிக்கை 1979இல் வெளிவந்தது. ஏழரை ஆண்டுகளின் கணக்கு. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை என்பதே அதன் சாரம். மருத்துவ உலகம் அதிர்ந்தது. கணக்கில் பிழையோ, மருந்தில் பழுதோ என்று தேடினார்கள். பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் முழுமையாக வெளியானது. தொடக்கத்தில் நோயோ தொற்றின் அடையாளமோ இல்லாதிருந்த 1,09,873 பேரில் 560 பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டிருந்தது. வளர்ந்தவர்களுக்கு இவ்வூசியால் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு 27 விழுக்காடு. அதுவும் உறுதியாகக் கூறவியலாத அளவு.

ஏன் இப்படி? மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் நம் வட்டாரத்து உடல்களை ஊசிக்கு முன்பே பழக்கிவிட்டிருந்தன என்பது பலரும் முன்வைக்கும் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கைக்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பது பிற ஆய்வுகளால் உறுதியானமையால், நம் நாட்டில் பிறந்தவுடன் அவ்வூசி போடும் வழக்கம் தொடர்கிறது. ஆனால் வளர்ந்தோரின் காசநோயை இவ்வூசி ஒழித்துவிடும் என்ற நம்பிக்கையைச் செங்கல்பட்டு அசைத்துவிட்டது. புதிய தடுப்பூசி தேடும் ஒவ்வொருவரும் இந்த அசைவிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். ‘பலனில்லை’ என்ற விடையும் ஒரு கொடையே. அதைச் சொன்னவர்கள் விஞ்ஞானிகள். சொல்ல வைத்தவை இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கைகள். வயலிலிருந்து வந்து, நாற்றைக் கீழே வைத்துவிட்டு நீட்டிய கைகள். அவர்கள் நீட்டாதிருந்தால், இங்கிலாந்துப் பிள்ளைகளின் கணக்கை நம் பிள்ளைகளின் கணக்காக எண்ணி நாம் இன்னும் ஏமாந்துகொண்டிருப்போம். ஆய்வில் ஒரு மக்கள் கூட்டம் இடம்பெறாமற் போனால் என்ன இழப்பு என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. பிறர் உடலில் கண்ட உண்மை நம் உடலிலும் உண்மையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

சென்னை நகரம் இதற்கு முன்பே இத்தகைய கொடையை அளித்திருந்தது. தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் நமக்கு அது நினைவுக்கு வரும். 1928இல் மருத்துவர் சவுரிமுத்து நிறுவிய அந்த ஆரோக்கிய இல்லத்தைப் போன்ற இடங்களில், நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தாலொழியக் காசநோய் தீராது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் வழிகாட்டலில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு ஆரோக்கிய இல்லம். மற்றதற்கு நெரிசலான தத்தம் வீடுகள். இருவருக்கும் ஒரே மருந்து. 1959இல் முடிவு வந்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதேயளவு குணமடைந்தனர், அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தினருக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை. உலகெங்கும் ஆரோக்கிய இல்லங்கள் மெல்ல மூடப்பட்டு, ஏழை நோயாளி தன் வீட்டிலேயே மருந்துண்டு பிழைக்கும் வழி திறந்தது. அரைவயிற்றுக் கஞ்சியும் ஓலைக்குடிசையும் கொண்டவர்கள் மருத்துவ நூலின் ஒரு முழு அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார்கள்.

இனி நிழலின் பக்கம் வருவோம்.

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவரின் ஊர் திருவள்ளூர்ப் பக்கம். அவர் வீட்டுக்கு ஒருமுறை சென்றிருந்தபோது எண்பதைக் கடந்த அவருடைய ஆயாவிடம் இந்தப் பழைய ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தோம். கிழவியின் முகம் மலர்ந்தது. “ஆமா சார், வண்டி வரும். ஊரே வரிசையில நிக்கும். ஜாக்கெட்டக் கழட்டச் சொல்லி நெஞ்சுல படம் புடிப்பாங்கன்னு பொம்பளைங்களுக்கு ஒரே வெக்கம், அப்பால எல்லாரும் போறாங்களேன்னு நானும் போனேன்” என்றார். சற்றுநேரம் தம் முன்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர், பின்னர் கேட்டார்: “ஆமா, எனக்குப் போட்டது மருந்தா, வெறுந்தண்ணியா?” நாம் அந்த ஆய்வின் முறையை விளக்கினோம். யாருக்கு எது என்பது எவருக்கும் தெரியாதபடி குறியீட்டுக்குள் வைத்திருந்தார்கள் என்றோம். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப தண்ணி வாங்குனவங்களும் வேணும்ல, அப்பத்தானே கணக்கு நிக்கும்” என்றார். நெறிமுறைக் குழுக் கூட்டங்களில் பல மணி நேரம் விளங்காமற் கிடந்த ஒன்றை எழுத்தறியாத அந்த மூதாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பாமர மக்களுக்கு இதெல்லாம் புரியாது என்பது படித்தவர்களின் வசதியான நம்பிக்கை. புரியாததற்குக் காரணம் பெரும்பாலும் கேட்பவரின் அறிவன்று, சொல்பவரின் மொழி.

அமெரிக்காவில் இதே நம்பிக்கை வேறு வேடத்தில் உலவுகிறது. அந்நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் ஹிஸ்பானிய மக்கள், மருத்துவ ஆய்வுகளில் அந்த அளவுக்கு இடம்பெறுவதில்லை. ஊரகங்களில் பண்ணை வேலைக்கும் இறைச்சிக்கூட வேலைக்கும் வந்து குடியேறியோர் நிலை இன்னும் பின்தங்கியது. அவர்களுக்கு விருப்பமில்லை, அஞ்சுகிறார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. அஞ்சுவதற்குக் காரணங்களும் உண்டு. 1946 முதல் 1948 வரை குவாதமாலா நாட்டில் சிறைக்கைதிகள், படைவீரர்கள், மனநோயாளிகள் ஆகியோர்க்கு அவர்தம் ஒப்புதலின்றி மேகநோய்க் கிருமியைச் செலுத்தி அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2010இல்தான் அது உலகுக்கு வெளிப்பட்டு, அமெரிக்கத் தலைமை மன்னிப்புக் கோரியது. ஆயினும் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எழுபதாயிரம் பேருக்கு மேற்பட்டோரிடம் ஒப்புதல் கேட்கப்பட்ட இருபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறுபான்மையினர் ஒப்புக்கொள்ளும் விகிதம் வெள்ளையரின் விகிதத்திலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்று கண்டது. அவர்களைக் கேட்கவேயில்லை என்பதுதான் பெருங்குறை. கேட்டாலும் அவர்தம் மொழியில் கேட்கவில்லை. வேலைக்கூலி போகாத நேரத்தில் கேட்கவில்லை. பேருந்து போகும் ஊரில் கேட்கவில்லை.

நம் நாட்டில் குறை வேறு திசையில் நிற்கிறது. இங்கே கேட்காமலேயே சேர்த்துவிடும் அபாயம். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பெற்றோரின் ஒப்பம் இருக்கவேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அந்த ஊசி நல்ல ஊசி. நேர்ந்த சில மரணங்களுக்கு அது காரணமன்று என்றே விசாரணை கூறியது. இருந்தும் வடு ஆறவில்லை. மருந்து நல்லதாயிருப்பது வேறு. மனிதரை மதித்துக் கேட்பது வேறு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இக்காரணத்தால் வேறோர் எண் நமக்கு மிகவும் பிடித்தமானது. தொழுநோய்த் தடுப்பூசிக்காக, ஆவடியிலிருந்த களப்பிரிவு தென்னிந்தியாவில் ஓர் ஆய்வை 1991இல் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களில் 2,16,000 பேர் தகுதியுடையோர் எனக் கண்டனர். அவர்களுள் முன்வந்தவர்கள் 1,71,400 பேர். அப்படியானால் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வரவில்லை. அறிக்கையைப் படிப்போர் கண்கள் முதல் எண்ணில்தான் நிற்கும். நம் கண் இந்த இரண்டாம் எண்ணில் நிற்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வயலுக்குத் திரும்பிப் போகும் உரிமை ஓர் ஊரில் இருந்தால்தான் அவ்வூரில் ‘சரி’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அந்த ஆய்வு 1998இல் சொன்ன முடிவுகளுக்கு, முன்வராதவர்களும் ஒருவகையில் மதிப்பூட்டியவர்களே.

இப்போது நமது மேசைக்கு வருவோம்.

சில காலத்துக்கு முன் ஒரு நிறுவனத்திலிருந்து பதினான்கு பக்க ஒப்புதல் படிவம் ஒன்று தமிழில் வந்தது. ‘சீரற்றமயமாக்கல்’, ‘இருமறைப்பு’, ‘மருந்துப்போலி’, ‘பாதக நிகழ்வு’ என்று சொற்கள் அணிவகுத்து நின்றன. தனித்தமிழுக்காகத் தம் பெயரையே வேதாசலம் என்பதிலிருந்து மாற்றிக்கொண்ட அடிகளின் பெயரால் அமைந்த நகரில் இருந்துகொண்டு தமிழ்ச்சொற்களைக் குறைகூறுவது தகாது. சொற்களில் பிழையுமில்லை, கலைச்சொல்லகராதிக்குள் அவை ஒழுங்காகவே அமர்ந்திருக்கும். ஆனால் படிவம் அகராதியன்று. அது ஒரு மனிதர் மற்றொரு மனிதரிடம் கேட்கும் கேள்வி.

‘மருந்துப்போலி’ என்பதையே எடுத்துக்கொள்வோம். இலக்கணத்தில் போலி என்பது குற்றமற்ற சொல். ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பது. ஐந்து அஞ்சாகவும், முகம் முகனாகவும் நிற்பதைப் போலி என்றே வகுப்பில் கற்பிக்கிறோம். ஆனால் மறைமலை நகர்ச் சந்தையில் ‘போலி’ என்றால் போலி மருத்துவர், போலிப் பத்திரம், போலி நகை. ‘உங்களுக்குப் போலி கொடுக்கப்படலாம்’ என்று கேட்டவர் எழுந்து போகாமல் என்ன செய்வார்? ‘சோதனை’ என்றால் தெய்வம் தரும் துன்பம், அல்லது காவலர் நடத்தும் தேடல். ‘பரிசோதனை’ என்றாலோ தம் நோயைக் கண்டறியத்தான் இரத்தம் எடுக்கிறார்கள் என்று மகிழ்ந்து கை நீட்டுவர். ஒரே பக்கத்தில் ஒரு சொல் அஞ்சவைக்கிறது. மற்றொரு சொல் வீணான நம்பிக்கை ஊட்டுகிறது. இரண்டும் ஒப்புதலைப் பொய்யாக்குபவை.

அந்தப் படிவத்தின் ஒரு பத்தியை இப்படி மாற்றித் தந்தோம்: ‘இந்த ஊசி பலன் தருமா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறோம். சிலருக்கு மருந்து ஊசியும் சிலருக்கு மருந்தில்லாத ஊசியும் போடுவோம். உங்களுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்வோம். அது உங்களுக்கும் தெரியாது. ஊசி போடுபவருக்கும் தெரியாது. உங்களுக்கு விருப்பமில்லை என்றால் இப்போதே மறுக்கலாம், நடுவிலும் விலகலாம். அதனால் உங்களுக்கு இங்கே கிடைக்கும் வைத்தியம் எதுவும் குறையாது.’ குழுவிலிருந்த மருத்துவர் ஒருவர், “எங்களுக்குத் தெரியாது என்று எழுதினால் மக்கள் நம்பிக்கை இழந்துவிட மாட்டார்களா?” என்று வினவினார். தெரியாமை இல்லையேல் ஆய்வுக்கே இடமில்லை. அதை மறைத்துப் பெறும் கையொப்பம் கடன்பத்திரத்தில் வாங்கும் கைநாட்டிலிருந்து வேறுபடாது என்று விடையிறுத்தோம். அவர் சிரித்தார். பத்தி ஏற்றுக்கொள்ளப்பட்டது. மற்றப் பதின்மூன்று பக்கங்களும் பெரும்பாலும் அப்படியே இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மொழி மெல்லத்தான் மாறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இலும் 2000இலும் வெளியிட்ட நெறிமுறை நூல்களின் ஆங்கிலத் தலைப்புகள், ஆய்வுக்கு உட்படுத்தப்படும் ஆட்கள் என்ற பொருள் தரும் சொல்லையே மனிதருக்கு வழங்கின. 2006இல் அச்சொல் பங்கேற்போர் என்றாயிற்று. ஆயினும் ஆய்வு அவர்கள் ‘மீது’ நடப்பதாகவே தலைப்பு கூறியது. 2017இல்தான் அந்த ‘மீது’ நீங்கி, மனிதர் பங்குகொள்ளும் ஆய்வு என்ற பொருள்பட அமைந்தது. இலக்கணம் கற்பிப்போர்க்கு இது சிறிய செய்தியன்று. செயப்படுபொருளாக நின்ற மனிதர் எழுவாயை நோக்கி நகர்ந்திருக்கிறார். ஓர் உருபு மாற முப்பத்தேழு ஆண்டுகள்.

தலைப்பில் நேர்ந்த மாற்றம் ஊருக்குள் வந்துசேர இன்னும் ஒன்று வேண்டும்: விடை சொல்லும் வழக்கம். கேள்வி கேட்கச் சென்ற அதே தெருவுக்கு விடையை எடுத்துக்கொண்டு திரும்பிச் செல்வதை எந்த ஆய்வும் தன் செலவுக்கணக்கின் கடைசி வரியாகவேனும் எழுதி வைக்கவேண்டும் என்று நாம் குழுவில் தொடர்ந்து வற்புறுத்தி வருகிறோம். ஆங்கில ஆய்விதழில் வெளியாவது அறிஞர் உலகுக்குச் செய்யும் கடமை. ஊர்ச் சாவடியில், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், ‘நீங்கள் கை நீட்டியதால் நாங்கள் அறிந்தது இது’ என்று ஒரு மாலைப்பொழுதில் உரக்கச் சொல்வது கொடுத்தவருக்குச் செய்யும் கடமை. பலன் இல்லையென்றால் இல்லையென்றே சொல்லலாம். மழை பொய்த்ததையும் விளைச்சல் குன்றியதையும் தாங்கிப் பழகிய மக்களுக்கு ‘இல்லை’ என்ற விடையைத் தாங்கும் வலு உண்டு.

தமிழர் மரபில் ஊருக்காக உயிர்கொடுத்தவனுக்குக் கல் நட்டார்கள். பெயரும் பீடும் எழுதினார்கள். செங்கல்பட்டில் எவரும் உயிர்கொடுக்கவில்லை, கை கொடுத்தார்கள். அதற்குக் கல் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் ஏரிகளையும் கோயில்களையும், 1999 முதல் 2022 வரை இங்கே கார் செய்த ஆலையையும் எழுதும்போது, இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் தம் ஊரின் பெயர் உலக மருத்துவத்தில் எதற்காக நிலைத்தது என்று படிக்கலாம்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரங்களில் உங்கள் வீட்டு முதியவர்கள் இன்னும் இருப்பார்களாயின், அந்த வண்டி வந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். 1968இல் குழந்தையாக இருந்தவர்களுக்கே இப்போது ஐம்பதைத் தாண்டி வயது. விவரம் தெரிந்து வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கணக்கு பத்திரமாக நூலகத்தில் இருக்கிறது. குரல்தான் இன்னும் எழுதப்படவில்லை.